குளவிக்கூடு கண்ட ரதி

ஹட்டன் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற அக்கா ரோஸ் பவுடரை அள்ளிப் பூசியிருந்தார். பஸ் வளையும்போதெல்லாம் வாசம் மூக்கில் ஏற, எனக்கு உன் மீசை ஞாபகம் வந்தது.

நம் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் நீ ரதி, நான் மன்மதன். மீசையை எடுக்கமாட்டேன் என்று அதன் மேலேயே பவுடரை அப்பிக்கொண்டு வந்தாய். அழ வேண்டிய இடத்தில் எல்லாம் தும்மினாய்.

சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படும்போது, கெட்ட கனவு கண்டேன், போகாதீர்கள் என்று ரதி தடுக்க வேண்டும். வழக்கமாகக் கனவில் ஆந்தை அலறும், தாலி அறுந்து விழும். அன்றைக்கு நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு புதுக்கனவு சொன்னாய்.

"மூணாம் நம்பர் மலையில, சவுக்கு மரத்துல, பானை மாதிரி குளவிக்கூடு தொங்குது சாமி. செவன் எரிக்கிறதுக்கு முன்னாடி குளவி ஒங்கள முடிச்சிரும்."

கூட்டம் சிரித்தது. வேட்டி அவிழ்ந்துவிடும் பயத்தில் நானும் வசனம் கட்டினேன். "அத யாருகிட்ட சொல்லணும் ரதி?"

வளையல் கையை முன்வரிசைக்கு நீட்டினாய். "அந்தா, நாக்காலியில இருக்காரே சின்னத்தொரை, அவருகிட்ட. ஆபீஸ்ல சொன்னா காதுல ஏறல. கனவுன்னா கேப்பாருல்ல."

தோட்டத்துத் துணை மேனேஜரான சின்னத்தொரைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், கைகூடத் தட்டினார். கோயில் தலைவர் மட்டும், கதையை மாற்றினால் காமன் சும்மா விடமாட்டான் என்று நம் இருவரையும் திட்டினார்.

மாசி முடியுமுன் அதே மரத்தடியில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட உன்னை அனுப்பினார்கள். வேறு மலை கேட்டாயாம். அப்படியானால் இன்றைக்கு வேலைக்கணக்கில் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை என்றார்களாம். போனாய். குளவி கலைந்தது.

செத்த வீட்டில் ஆளாளுக்கு விதியைப் பிடித்துக்கொண்டார்கள். ரதி வாயால் வந்தது பலித்துவிட்டது என்றார் தலைவர். சாக வேண்டியவன் மன்மதன்தானே, விதி ஆள் மாறிப் போய்விட்டதோ என்று ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கனவு இல்லீங்க. அவன் கண்ணால பாத்தத சொன்னான்" என்றேன். வாயை மூடச் சொன்னார்கள்.

உன்னைப் புதைத்த மறுநாள் பொழுது சாய, ஆள் வைத்துக் கூட்டை எடுத்தார்கள். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

எங்காவது யாராவது விதி என்றால், இப்போதெல்லாம் நான் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கிறேன், மச்சான்.