மேற்கூரையில் நீ ஒட்டிய சிவப்பு அம்பு

கட்டிலில் படுத்தால் நேராகக் கண்ணில் படுவது நீ ஒட்டிய அந்தச் சிவப்பு அம்புதான். நம் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் பனியனில் ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவோமே, அதே நகத்தளவு ஸ்டிக்கர். மேற்கூரையில் தண்ணீர் சொட்டிய இடத்தில், ஸ்டூல் போட்டு ஏறி நீ ஒட்டிவிட்டுப் போனது. வெள்ளையடிக்க வந்தவனிடம் அதை மட்டும் விட்டுவிட்டு அடி என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான், ஆனால் சொன்னபடி செய்தான்.

சித்திரையில் பெய்த கோடை மழையில் அந்த அம்பின் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தூசி அடங்கவே போதாத மழை அது. அதற்கே இப்படி என்றால் ஐப்பசியில் என்ன கதி என்று நினைத்துக்கொண்டே வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கோவையிலிருந்து மகன் போன் செய்தான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன்.

“அம்மா, இன்னொருக்கா ஒழுகுச்சுன்னா ஊட்டைப் பூட்டிப்போட்டு இங்க வந்துருங்க. ஒண்டியா அங்க இருந்து என்னத்தப் பண்றீங்க?”

அவன் பாசத்தில்தான் சொல்கிறான். மருமகளும் தங்கமான பெண். ஆனால் அவர்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு அடுக்குமாடியில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. இங்கே இந்த மண்ணரை ஊரில் காலையில் எழுந்து, கம்பெனிக்கு என் காலால் நடந்து போய், என் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன். அது போய்விடுமோ என்று பயந்தேன். பயத்தை வெளியே காட்டாமல் வீறாப்பாக, “சரி கண்ணு, இன்னொருக்கா ஒழுகட்டும், வந்தர்றேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டினேன். மொட்டை மாடியில் ஒரு சுற்றுச் சுற்றினார். “மொத்தமா ஒடச்செடுத்துப்போட்டு புதுசா ஓடு பதிக்கோணுங்க. இந்தத் துண்டு வேலைக்கெல்லாம் ஆரும் வர மாட்டாங்கக்கா” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு ஓட்டைக்காகத் துணி ரோல் முழுவதையும் வேஸ்ட்டில் போடச் சொல்கிற ஆளை நம் செக்கிங்கில் ஒரு நாள் வைத்திருப்போமா? அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, நானே செய்துகொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. போன மழைக்காலக் கடைசியில் முதன்முதலாக ஒழுகியபோது நாம் இருவரும் செய்த கூத்து இருக்கிறதே! டேபிளில் எனக்கு எதிரே உட்கார்ந்து, வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓட, பீஸைப் பிரித்துப் பார்ப்பவள் நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டை நிறையப் பனியன் வேஸ்ட்டோடு, கம்பெனியில் வெட்டிக் கழித்த துணித்துண்டுகளோடு, வந்து நின்றாய். ஊசி முதல் உலக்கை வரை எதற்கும் பனியன் வேஸ்ட்டை எடுக்கிற ஊர்க்காரர்கள் நாம். வண்டி துடைக்க அது, தலையணைக்குள் திணிக்க அது. மாடிக்கு மட்டும் வேறென்ன வேண்டும்? கீழே அம்பை ஒட்டினாய். சுவரிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்று சாணால் அளந்து, மேலே போய் அதே அளவில் குறி வைத்தோம். சிமெண்ட் பாலைக் கரைத்து, அதில் துணியை முக்கி, தரையில் பரப்பி, மேலே பூசிவிட்டோம். இறங்கி வரும்போது இரண்டு பேருக்கும் இன்ஜினியர் மிதப்பு.

அடுத்த மழையில் முன்பு சொட்டியது இப்போது ஒழுகியது. துணி தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு நிதானமாகக் கீழே விட்டுக்கொண்டிருந்தது. நீ வாளியை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “அக்கா, ஊட்டுக்கே பனியன் போட்டு உட்டுட்டமுங்க்கா. அதுக்கு வேர்க்குது.”

அந்தத் துணியை நாமே பிய்த்து எறிந்தோம். பிய்க்கும்போது நீ திடீரென்று நிறுத்தி, “இது நீடில் லைன் மாதிரிங்க்கா. பீஸுல கோடு உழுந்தா தப்பு பீஸுலயா இருக்குது? மெஷின்ல ஊசி ஒடஞ்சிருக்கும். தண்ணி எங்கியோ எறங்கி இங்க வருது. அதத் தேடோணும்” என்றாய். நான் ஸ்டிக்கரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “செக்கிங்ல என்ன பழக்கம்? சரி பண்ணாம ஸ்டிக்கர எடுக்கவும் கூடாது, சரி பண்ணுனதுக்கப்பறம் உடவும் கூடாது.” அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஊருக்குப் போகும் குண்டடம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். அந்த வாரம் காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் உயிரோடு திரும்பி வரவே இல்லை. உன் மேல் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. பாதி வேலையில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீ?

அந்தத் தேடலை இந்த வைகாசியில் நான் செய்தேன். பூந்தொட்டி மண்ணைக் குழைத்து, வயலில் கட்டுவது போலவே மாடியில் பாத்தி கட்டினேன். முதலில் அம்புக்கு நேர் மேலே தண்ணீர் நிறுத்தினேன். கீழே இறங்கிப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. மண்ணை வழித்து மேட்டுப் பக்கம் நகர்த்திக் கட்டினேன். ஏறுவதும் இறங்குவதுமாகவே பாதி நாள் போனது. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, “ஏனுங்க்கா, உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?” என்றாள். “எங்க ஊடுங்க, நாந்தானுங்க படோணும்” என்றேன். கடைசியில் தண்ணீர்த் தொட்டி ஓரம், கைப்பிடிச் சுவர் தரையோடு சேருகிற மூலையில் நிறுத்திய பிறகுதான் அம்பு நனைந்தது. படுக்கையறைக்கும் அந்த மூலைக்கும் சம்பந்தமே இல்லை. நீ சொன்னது அச்சு அசல் சரி.

அங்கே சுத்தியால் தட்டினால் உள்ளே காலியாக இருப்பது போலப் பொத்தையாகச் சத்தம் கேட்டது. ஈரம் காய விட்டு, உப்பிப்போன பூச்சை உளியால் கெட்டித் தரை வரும் வரை கொத்தி எடுத்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சிமெண்ட் பால் ஊற்றி, ஒழுகலுக்கென்று விற்கிற மருந்தைக் கலந்த கலவையை அழுத்திப் பூசினேன். தண்ணீர் தங்காதபடி மூலையை வளைவாக இழுத்துவிட்டேன். கரணை பிடித்துப் பழக்கமில்லாத கை, பார்க்க அழகாக இல்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. இந்த வெயிலில் காய்ந்தால் நாளைக்கே வெடித்துவிடும். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. கீழே போய்ப் பனியன் வேஸ்ட்டை அள்ளி வந்து, நனைத்து, பூச்சின் மேல் போர்த்தினேன். அன்றைக்கு நம் மானத்தை வாங்கிய அதே துணி, குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சிமெண்ட்டைக் குளிரக் குளிர வைத்திருந்தது. காலையிலும் மாலையிலும் நனைத்தேன். இறுகிக் காய்ந்த பிறகு மேலே வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடித்தேன்.

நேற்று மத்தியானம் மழை கொட்டியது. கட்டிலில் மல்லாந்து படுத்து அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டும் அது காய்ந்தே இருந்தது. மகன் போன் செய்தான்.

“ஒழுகுதுங்களாம்மா?”

“இல்ல கண்ணு.”

“நெசமாவா?”

“நீயே வந்து பாரு. சோறாக்கி வெக்கறேன்.”

போனை வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினேன். சரி செய்த பிறகு ஸ்டிக்கரை விடக் கூடாதே. ஆனால் நகத்தைக் கொண்டுபோய்விட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் நீ தொட்டு வைத்தது அது ஒன்றுதான் மிச்சம். கொஞ்ச நேரம் ஸ்டூல் மேலேயே நின்று அழுதேன். பிறகு எடுத்துவிட்டேன்; கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

சமையலறை ஜன்னலுக்கு மேலே மயிர் போல ஒரு வெடிப்பு ஓடுகிறது. மகனுக்குத் தெரியாது. பசை செத்துப்போன உன் அம்பை ஒரு சோற்றுப் பருக்கையை வைத்து அங்கே ஒட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று என் வாயிலும் வந்துவிட்டது. சொன்ன உடனே மேலே போய் உளியையும் சுத்தியையும் எடுத்து வந்தேன்.