டர்பனுக்குப் போன மோர் மிளகாய்

புதூர்,
14.10.2004

பாசமுள்ள மகன் செல்வகணேஷுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் எழுதுவதுதான், இந்தத் தடவை பயந்துகொண்டே எழுதுகிறேன். மற்ற சங்கதிக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா. கப்பலில் வருகிற மோர் மிளகாயை யாரும் தொட வேண்டாம். பெட்டிகளோடு உன் பெயர் எழுதி ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், அதை நீயும் வறுத்துத் தின்றுவிடாதே. ஏனென்று சொல்கிறேன், பதறாமல் படி.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில், நம் ஆட்கள் நாலு தலைமுறையாக இருக்கிறார்கள், மோர் மிளகாய்க்கு நல்ல கிராக்கி, கடை முதலாளி அறுபது பெட்டி கேட்கிறார் என்று நீ போன் பண்ணினாயே, அன்றைக்கு எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, சாயந்தரம் மறுபடி மோரில் போட்டு எடுக்க ஒரு வாரம் ஆகும். அறுபது பெட்டிக்கு எங்கள் மொட்டைமாடிகள் போதவில்லை, மழை வேறு கறுத்துக்கொண்டு நின்றது. வெள்ளைத்தாய் சித்திதான், காசிராஜன் அண்ணாச்சி பருத்திக் காட்டுல சிமெண்டுக் களம் சும்மாதான் கெடக்கு, அங்கன காயப்போடுவோம்க்கா என்றாள். நானும் சரியென்றேன். குழுத் தலைவி நான், ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். விளக்குமாற்றால் கூட்டிவிட்டு, துணிகூட விரிக்காமல் ஈர மிளகாயைக் கொட்டியிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் பெட்டிகள் கப்பல் ஏறின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தியின் வீட்டுக்காரர், கொம்பையா சித்தப்பா, ஆடுகளை அந்தக் களத்து வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார். தரையில் உப்புப் பூத்துக் கிடந்ததால் ஆடுகள் நக்கியிருக்கின்றன. பொழுது சாய்வதற்குள் நான்கு ஆடுகள் வாயில் நுரை தள்ளி, கால் இழுத்து இழுத்துச் செத்துப்போயின. ஒன்று சினையாடு. மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, இது பூச்சிமருந்துல்லா, எங்க மேஞ்சுது என்று கேட்டார். எங்கயும் மேயல சார், களத்துல உப்பத்தான் நக்குச்சு என்று சித்தப்பா சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். காசிராஜன் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். ஆமா தாயி, போன மாசம் அந்தக் களத்துல வச்சுப் பருத்திக்கு மருந்து கலக்கையில டப்பா கவுந்து போச்சு, மண்ணப் போட்டு அள்ளிட்டோம், நீங்க அங்கன காயப்போட்டது எனக்குத் தெரியாதே என்றார். சித்தி அவரைக் கேட்காமலே போட்டிருக்கிறாள்.

மிளகாயில் மருந்து ஏறியிருக்குமா என்று டாக்டருக்கே உறுதியில்லை. ஈர மிளகா, ஏறியிருந்தாலும் இருக்கும், சோதிச்சாத்தான் சொல்ல முடியும் என்றார். சரக்கை ஏற்றிவிட்ட ஏஜெண்டுக்குப் போன் பண்ணினேன், பேப்பர் எல்லாம் சரியா இருக்கு, நீங்களா ஏம்மா வாயக் குடுக்கீங்க என்று வைத்துவிட்டார். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, யக்கா வெளிய சொல்லாதீய, பன்னிரண்டு வீட்டுப் பொழப்பும் போயிரும் என்று அழுதாள். அப்பாவும், அவன் சொல்லித்தானே அந்த முதலாளி வாங்குதான், தெரிஞ்சா மொதல்ல அவனத்தான் வெளிய அனுப்புவான், பேசாம இரு என்றார். நானும் இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். சோற்றில் கை வைத்தால் அந்தச் சினையாடு கிடந்த கிடைதான் தெரிகிறது. யார் வீட்டுப் பிள்ளையோ தயிர்ச் சோற்றுக்கு மிளகாயைக் கடிக்கிற மாதிரி தெரிகிறது, திரும்பிப் பார்த்தால் அது உன் முகமாக இருக்கிறது. முந்தாநாள் டெலிபோன் பூத்துக்குப் போய் உன் கடை நம்பருக்கு அடித்தேன். முதலாளி எடுத்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார். உன் பெயரைச் சொன்னால் போதும், அதற்கும் பயந்துகொண்டு வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலையில் சித்தி தானாகவே வந்தாள். களத்துல காஞ்சது முப்பத்தொண்ணுல இருந்து நாப்பத்தாறு வரைக்கும் உள்ள பெட்டி, எழுதி வச்சிருக்கேன், அவனுக்குச் சொல்லிருங்கக்கா, எம்மக மிச்ச மிளகாய எடுத்துச் சட்டியில போடப் போனா, தட்டிவிட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன் என்றாள். ஆனால் ஐயா, அந்த நம்பரை மட்டும் நம்ப வேண்டாம், பொட்டலம் கட்டும்போது ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும். அறுபதையும் நிறுத்திவிடு. கப்பல் வந்துசேர மூன்று வாரம் ஆகும் என்று ஏஜெண்டு முன்னமே சொன்னார், கூரியர் ஒரு வாரத்தில் வந்துவிடுமாம். கடிதத்தை முதலாளியிடம் வாசித்துக் காட்டு. சோதிக்க வழி இருந்தால் சோதிக்கட்டும், இல்லையென்றால் ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொல், ஆடு மாடு வாய் வைக்காத இடமாக. உன்னை வேலையைவிட்டு நிறுத்தினால் எதிர்த்துப் பேசாமல் கிளம்பி வா. என்னைப் போலீசில் கூப்பிடுவார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், கடிதத்துக்கு முன்னால் கப்பல் வந்துவிடுமோ என்பதுதான்.

பேசாமல் இரு என்று சொன்ன உன் அப்பா காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பத்து மணி பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடி போய் அவரே கூரியர் போடப்போகிறாராம். சீக்கிரம் எழுது என்கிறார்.

நம் குலதெய்வம் உனக்குத் துணை நிற்கட்டும். கடிதம் கண்டதும் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் பண்ணு, ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் செய்த தப்பு என்று அங்கே கேட்டால் சித்தியின் பெயரைச் சொல்லாதே. கீழே எழுதியிருக்கிற பெயரைக் காட்டு.

இப்படிக்கு, உன் அம்மா,
மு. வள்ளித்தாய், குழுத் தலைவி,
மேலத் தெரு, புதூர்,
விளாத்திகுளம் தாலுகா,
தூத்துக்குடி மாவட்டம்.