நாஸருக்கு வைத்த வேறு பீங்கான்

2009 மே, திங்கள்
கச்சான் காற்று. வாசலெல்லாம் மணல். குளிசையும் காய்ச்சலும் நாள்தோறும் குறிக்கச் சொன்னார் டொக்டர் பிள்ளை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள், சித்தி என்று பெயர். கொப்பி அலுமாரிக்குள் இருக்கும்.
நாஸர், என் ஒரே மகன். வெளிநாட்டில் இரத்தம் பார்த்து, எயிட்ஸ் கிருமி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குக் கசம், இருமல் நோய் என்று சொல்லியிருக்கிறோம்.
காலைக் குளிசை: விழுங்கினான். மாலை: கக்கிவிட்டான். காய்ச்சல் 102.

செவ்வாய்
எங்கும் பட்டாசு வெடிச் சத்தம். சண்டை முடிந்ததாம். என்னை அண்ணன் முறையில் கூப்பிடும் பக்கத்து வீட்டுக் கலீல் வேலியால் எட்டிப் பார்த்து, "சண்டையே முடிஞ்சிட்டு காக்கா, ஒங்கட மகன்ட இருமல் முடியல்லையே."
கிளினிக். டொக்டர் விளக்கிச் சொன்னார். இரத்தத்தில் நோயை எதிர்க்கிற அணுக்களின் தோலில் பிடி மாதிரி ஒன்று உண்டாம். கிருமி அதைப் பற்றித்தான் உள்ளே போகுமாம். போனதும் பிடியை உள்ளே இழுத்துவிடுமாம். உள்ளே கள்ளன் என்று அணு வெளியே காட்டும் அடையாளத்தையும் இறக்கிவிடுமாம். காவலுக்கு வருகிறவை தெரியாமல் தாண்டிப்போகுமாம். அந்தப் பிடியைக் கிருமிக்கு எட்டாமல் மறைக்கிற மருந்து வெளிநாட்டில் புதிதாக வந்திருக்கிறது, இங்கே இல்லை. இங்குள்ள குளிசை கிருமி பெருகாமல் தடுக்கும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.
"அஞ்சு மாசம் குளிசைய ஏன் நிப்பாட்டினவர் ஐயா?" என்று டொக்டர் என்னிடம் கேட்டார்.
நாஸர் சுவரைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
மாலைக் குளிசை: விழுங்கினான். காய்ச்சல் 103.

புதன்
அவன் குளிசையை நிறுத்தியது ஹஜ்ஜுப் பெருநாளன்று. சஹன் ஒன்றுக்கு ஐந்து பேர், ஒரே தட்டத்தில் எல்லார் கையும். நாஸர் கை கழுவி வந்து ஐந்தாவதாக இருந்தான். "நீ அங்கால இரி மகன்" என்றேன். கலீலைக் கூப்பிட்டு அந்த இடத்தில் இருத்தினேன். நாஸருக்கு நீலப் பூப்போட்ட பீங்கானில் வேறாக வைத்தேன்.
"தின்றதால ஒட்டாது வாப்பா." என் காதுக்குள் மட்டும் சொன்னான். அதன் பிறகு அறையில்தான் சாப்பாடு. குளிசையும் தொடவில்லை.
சுனாமிக்கு மறுநாள், இவன் உம்மாவை அடக்கிவிட்டுவந்து, அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் முன்பின் தெரியாத நான்கு பேரோடு ஒரே சஹனில் தின்றேன். ஒருவர் பாண்டிருப்புத் தமிழ் ஆள், விரலில் சீழ். அவர் கை வைத்த பக்கமும் எடுத்தேன். பருப்பு, பூசணிக்காய். எல்லாம் ஞாபகம்.
சித்தி பேனையை வைத்துவிட்டு அழுகிறாள். எழுது என்றேன்.

வெள்ளி
ஜும்ஆ முடிந்து வந்தேன். சஹனில் குழைந்த சோறு, சூடைமீன் ஆணம். கட்டிலருகே கொண்டுபோய் வைத்தேன்.
"கை வை மகன்."
கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.
"வேணாம் வாப்பா. ஒங்களுக்குப் பயம்."
"எனக்கு ஒரு பயமும் இல்லடா."
"கலீல் நானாவக் கூப்பிடுங்க." சிரித்தான். இருமல் வந்தது.
உருட்டி வாயருகே பிடித்தேன். வெகு நேரம். வாயைத் திறந்தான். பாதி வெளியே விழுந்தது. அதை நான் தின்றேன். பார்த்துக்கொண்டே கிடந்தான்.
மாலைக் குளிசை: இறங்கவில்லை. காய்ச்சல் 104.

சனி
சுபஹுத் தொழுகைக்குப் பின் நாஸரின் மூச்சு நின்றது. மௌத்து.
கலீல் வந்தான். "குளிப்பாட்ட எத்தின பேரக் கூட்டி வர, காக்கா?"
முதல் ஆள் நான் என்றேன்.
காலைக் குளிசை என்று சித்தி பழக்கத்தில் எழுதிவிட்டாள். வெட்டவேண்டாம் என்றேன்.
காலைக் குளிசை: