இறுகிப்போன செருப்பு

ஸ்காபரோ, ரொறன்ரோ.

ரஜிதனின் அப்பா அறிவது. மாமாங்கேஸ்வரர் காவலில் சுகமாக இருப்பீர்கள். மூச்சிளைக்கும் என் முட்டு வருத்தத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கால் வீங்கியதற்குக் குளிரைக் குற்றம் சொல்லி, மகனை இரண்டு முறை பெரிய சப்பாத்து வாங்க வைத்தேன். டொக்டர் பெருவிரலால் கணுக்காலை அமுக்கினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

“அம்மா, நுரையீரல் பழுதானால் இதயமும் களைச்சுப்போகும்” என்றார்.

மூச்சுக்கு மருந்தெடுக்கப் போன எனக்கு இதயத்துக்கும் விழுங்கக் குளிசை தந்துவிட்டார். கறியில் உப்புக் கூடாதாம், பகலில் பேச ஆளில்லை. வெறுத்துவிட்டது. கருவாடு அனுப்ப வேண்டாம்.

உங்களுக்கும் இதே முட்டுத்தான். போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள் என்றே எழுதுகிறேன். மருமகள் வேலைக்குப் புறப்படுகிறாள், தபாலில் போட அவளிடம் கொடுக்க வேண்டும்.

செருப்பு இறுகுகிறது என்றீர்களே, கடிதம் கிடைத்த அன்றே கணுக்காலை அமுக்கிப் பாருங்கள். குழி நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செருப்பில்தான் பிழை என்று சொல்லாதீர்கள். அந்தச் சாக்குப்போக்கை நான் இங்கே சொல்லி முடித்துவிட்டேன்.

உங்கள்
தங்கேஸ்வரி