நீ கொழுவிய தடி

இன்று காலை சப்வேயில் ஒரு பெண் பஞ்சில் அசிற்றோன் தொட்டு நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த மணம் வந்ததும் எழுந்துவிட்டேன். இரண்டு ஸ்ரேசனுக்கு முன்பே இறங்கி, சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். இப்படி யாரையாவது கண்டால் என் காதுக்குள், "எங்கட லாப் வருது, எழும்பி இடம் குடடி" என்பாய்.

எங்கள் லாப். பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறை. ஜன்னல் இல்லை. வெளியே பனியா வெயிலா என்பதை, மேலே போய் வந்தவரின் சப்பாத்தைப் பார்த்துத்தான் அறிந்தோம்.

கம்பிக் கூண்டுக்குள் ஆளுயர மின்தேக்கிகள். நடுவே, காற்றை உறிஞ்சி வெறுமையாக்கிய உருக்குக் கலம். அதற்குள் அசிற்றோனால் துடைத்து, முகத்தோடு முகம் ஒட்டவைத்த இரண்டு செப்பு வட்டுகள். பெரும் மின்னோட்டம் பாயும்போது அவற்றைப் பிரிப்போம். பிரிகிற இடைவெளியில் மின்வில் மூளும். காற்றில்லாத இடத்தில் செம்பே ஆவியாகி ஓட்டத்தைச் சுமக்கும். ஓட்டம் அளவோடு இருந்தால் அந்த வெளிச்சம் வட்டு முழுவதும் பரவி நிற்கும். ஓட்டம் பூச்சியமாகும் கணத்தில் அணைந்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டினால் ஒரே புள்ளியில் திரளும். நேர்மின் பக்கத்து வட்டில் குழி விழும். ஓட்டம் நின்ற பிறகும் குழி ஆறாது. அங்கிருந்து மறுபடி மூளலாம். மின்சுற்றைத் துண்டிப்பதற்கென்றே வைத்த பிரேக்கர் துண்டிக்காமல் போவது அப்படித்தான். அந்த எல்லை எங்கே என்று இரண்டு வருடம் தேடினோம்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வெடிச்சத்தம். ஒவ்வொரு முறையும் நான் கண்ணை மூடிவிடுவேன்.

"கண்ணைத் திறவடி, பயந்தாங்கொள்ளி. உது ஷெல் இல்லை, செம்பு."

"ஷெல்லடிக்கேக்க நீ எங்க நிண்டனி?"

"பங்கருக்குள்ளதான், உன்னை மாதிரி. ஆனா நான் கண்ணைத் திறந்து வைச்சிருந்தனான்."

சோதனை முடிந்ததும் எர்த் தடியைக் கொழுவ வேண்டும். செப்புக் கொக்கியும், நிலத்தோடு இணைத்த வயரும் கொண்ட நீண்ட தடி. மின்தேக்கியில் கொழுவினால் மிச்சமிருப்பது நிலத்துக்கு இறங்கும். இறங்கிய பிறகும் கழற்றக்கூடாது. மீற்றர் பூச்சியம் காட்டும். ஆனால் பெரிய மின்தேக்கிகள் உள்ளே ஊறியதை மெல்ல மெல்ல வெளியே விடும். ஒரு மணித்தியாலத்தில், ஆளைத் தூக்கி எறியுமளவுக்கு மின்னழுத்தம் தானாகவே ஏறிவிடும். அதற்காக நீ ஒரு விதி வைத்தாய்: கொழுவியவர்தான் கழற்ற வேண்டும்.

ஒரு மத்தியானம். சோதனை முடிந்தது. நீ தடியைக் கொழுவினாய். பேராசிரியர் உன்னை மேலே கூப்பிட்டார்.

"வாறன். அதுவரைக்கும் ஒண்டிலயும் கை வையாதை."

நான் கை வைத்தேன். நீ வரும்போது அடுத்த சோதனைக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தால் மெச்சுவாய் என்று நினைத்தேன். மீற்றரைப் பார்த்தேன். பூச்சியம். தடியைக் கழற்றிச் சுவரில் சாத்தினேன். பிறகு மின்வில்லைப் படமெடுக்கும் கமராவின் படச்சுருளைக் கழுவி மாற்ற இருட்டறைக்குள் போனேன். ஒரு மணித்தியாலம் கழித்து நீ வந்ததும் நேரே கூண்டுக்குள் போனதும் எனக்குத் தெரியாது. ஒரு திருகாணி தளர்ந்திருந்ததாம். தடி இருக்கிறதா என்று நீ பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? கொழுவியது நீ.

சத்தம் சின்னதுதான். நான் வெளியே வந்தபோது நீ கூண்டின் வாசலில் கிடந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன் வலது கை முழுவதும் கட்டு. அன்றைய நாளில் பாதி உனக்கு நினைவில்லை.

"நான் கொழுவினனான்தானே?"

"நான் காணேல்லையடி."

இரண்டே சொல். என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. லாப்பை விட்டு அனுப்புவார்கள், பிறகு நாட்டை விட்டும் அனுப்புவார்கள் என்று பயந்தேன். அது ஒரு காரணமா, தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து வழக்கு முடிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

தடியைக் கொழுவ மறந்துவிட்டேன் என்று பேராசிரியரிடம் நீயே சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு விரல்கள் மரத்தே போயின. படிப்பை விட்டாய். "என்ர கையை நானே நம்பேலாதடி, பிறகென்ன லாப்?" மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் ஒஃபிஸ் வேலை. நாம் தேடிய எல்லை கிடைத்தது. என் ஆய்வேட்டில் இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் உன் பெயர்.

போன மார்கழி. பிறம்ரன் போகும் வழியில் உன் கார் மோதியது, நீ போய்விட்டாய். பனி என்றார்கள். எல்லோரும் பனி என்றார்கள். ஸ்ரியறிங்கைப் பிடித்த கையில் இரண்டு விரலுக்கு உணர்வில்லை என்பதை நான் மட்டும் நினைத்தேன். இன்னும் நினைக்கிறேன். பனியாகவே இருக்கட்டும் என்று வேண்டுகிறேன், யாரை என்று தெரியாமல்.

இன்று வேலைக்குப் போகவில்லை. சப்வேயை விட்டு வெளியே வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் உன் வீட்டுக்கு நடந்தேன். உன் அம்மா கதவைத் திறந்தார்.

"வா பிள்ளை. இண்டைக்கு வேலையில்லையோ?"

"அன்ரி, அண்டைக்கு அந்தத் தடியைக் கழட்டினது நான்."

எந்தத் தடி என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. உன் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பார்.

"அப்ப அவள் மறக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி."

"கொழுவினவளோ?"

"ஓம்."

கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அண்டைக்குப் பிறகு, லிஃப்ற் வரைக்கும் போவாள். பிறகு திரும்பி வந்து, அடுப்பு நிப்பாட்டினதோ எண்டு பாப்பாள். மூண்டு தரம். விசரி எண்டு நான் ஏசினனான் பிள்ளை. நானும் ஏசினனான்."

நான் அழத் தொடங்கினேன்.

"இஞ்ச அழாதை" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எனக்குச் சொல்லி என்ன? அவளுக்கு எழுது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து, படத்துக்கு முன்னால நிண்டு வாசி. நான் இருந்து கேக்கிறன்."

அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள். அறைக்குள் தனியே நின்று வாசித்துப் பார்க்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் குரல் வருகிறது. கடைசி வரியில் நின்றுவிடுகிறது. அன்றைக்கு உன் கட்டிலருகே சொல்லியிருக்க வேண்டிய வரி. வெள்ளிக்கிழமை அதை உன் அம்மா கேட்பார்.

நீ கொழுவினாய். கழற்றியது நான்.