ஈசூனில் நான் சொன்ன பதில்

அன்பு மகளே,

அம்மா போன பிறகு, ஈசூன் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் ஆவிகளோடு பேசும் அந்த அம்மாளிடம் நீ போனதற்காகச் சொந்தக்காரர்கள் முன்னால் உன்னை முட்டாள் என்றேன். "மூளை நின்னா எல்லாம் முடிஞ்சது, அறிவியல் படிச்சவதானே நீ?" என்று கத்தினேன். அதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை.

நேற்று நானும் அங்கே போனேன். அவளுடைய பித்தலாட்டத்தைப் பிடிக்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரிடாரில் காத்திருக்கையில், எனக்கு முன்னால் போனவரிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது: "உங்க சம்சாரம், சாப்ட்டீங்களான்னு கேக்குறாங்க."

உள்ளே போனதும் என்னிடமும் அதே வார்த்தைகள், அதே குரல். எழுந்து வந்திருக்க வேண்டும்.

"சாப்ட்டேன்மா, நீ கவலப்படாத," என்றேன்.

அதுவும் பொய். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பிறகு, திறந்திருந்த கதவு வழியாக முன்பின் தெரியாதவர்கள் பார்க்க, அழுதேன்.

இன்னும் நான் எதையும் நம்பவில்லை. ஆனால் உன்னை அப்படிப் பேசிய வாயை நினைத்தால் கூசுகிறது.

அங்கே அம்மா உன்னிடம் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவே இல்லையே. வீட்டுக்கு வந்து சொல்வாயா?

உன் அப்பா