வளைவை ஒட்டிய வெல்டிங்

அன்பு மகளுக்கு, நாங்கள் எல்லோரும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. ஒரு மாதமாக நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைப்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரும்புக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவளுக்கு வியாபாரம் தெரியாது என்று நான் சொன்னது தப்புதான்.

நம் பட்டறையில் வேனுக்கடியில் ஸ்டெப்னி டயரைத் தாங்க ஒரு இரும்புப் பட்டை மாட்டுவோமே, அந்தப் பேச்சில்தானே போனில் சண்டை வந்தது. மாமா சூடு காட்டாமல் இரும்பை வளைத்து, வளைவை ஒட்டியே வெல்டிங் வைப்பார். வளைத்த இடத்தில் அந்தச் சூடு பட்டால் இரும்புக்குச் சீக்கிரம் வயசாகும், முறுக்கேறி, நெளியாமல் படக்கென்று உடையும் என்றாய். "அப்ப பென்ஷனும் குடுத்துரலாமா?" என்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமா சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன்.

போன வாரம், நாம் பட்டை மாட்டிய காய்கறி வேன்காரரின் ஸ்டெப்னி ஓடும்போதே ரோட்டில் விழுந்தது. பின்னால் பைக்கில் வந்தவர் ஒடித்துத் திருப்பித் தப்பினார். உடைந்த பட்டைத் துண்டைப் பார்த்துவிட்டு, "என் வெல்டிங் அசையவே இல்ல பாருங்க மச்சான்" என்றார் மாமா. நிஜம்தான், வெல்டிங் அப்படியே இருக்கிறது, பக்கத்து வளைவுதான் போயிருக்கிறது. அதே பட்டை மாட்டிய ஏழு வண்டிக்காரர்களையும் நானே கூப்பிட்டேன். கடைப் பேர் கெடுமே என்று அம்மா பயந்தாள். பேர் கெட்டால் சம்பாதித்துக்கொள்ளலாம், ஆள் போனால் என்ன செய்வது?

ஆறு வண்டி உடனே வந்துவிட்டது. ஏழாவது, பால் வேன், நேற்றுதான் முனகிக்கொண்டே வந்தது. பட்டை கெட்டிதான் என்று காட்ட மாமா சுத்தியலால் அடித்தார். இரண்டாவது அடியில் பிஸ்கட் மாதிரி உடைந்தது. பால்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா டீ கூடக் குடிக்கவில்லை.

இன்று காலையில் யாரும் சொல்லாமலே, வளைத்த துண்டைச் சிவக்கச் சுட்டுச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டிருக்கிறார், நீ சொன்ன மாதிரியே. என் முகத்தைப் பார்க்காமல், "வளைவுலேருந்து எத்தனை விரக்கடை தள்ளி வெல்டிங் வைக்கணும்னு அவ சொன்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை மகளே. நீ அதைச் சொல்வதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.

நீ அதைச் சொல்லும்வரை புது வேலையை நிறுத்திவைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிட்டு மாமாவிடமே சொல், பக்கத்தில் நானும் இருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

முழுக்கக் கேட்கக் காத்திருக்கும்,
உன் அப்பா